குப்பையில் போட்ட பேனா

மூன்று வருடங்களுக்கு முன், புனேயில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நான் வேலை பார்த்தபோது நடந்தது இது. ஊருக்கு வெளியே சாகண் என்ற இடத்தில் இருந்த தொழிற்சாலை ஒன்றில், வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று கதிர்வீச்சால் படம் எடுத்துக்கொண்டிருந்த இடத்தில், விவரம் தெரியாமல் போய் நின்றுவிட்டார் ஒரு தொழிலாளி. அவருடைய வெள்ளணுக்கள் எவ்வளவு குறைகின்றன, எப்போது தேறுகின்றன என்று வாராவாரம் ரத்தம் எடுத்துப் பார்ப்பது என் பொறுப்பு.

முதல் நாள் ஹிந்தியில் ஆரம்பித்து, பெயரைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினேன். விழுப்புரம் பக்கத்துக்காரர்; ஏரவாடாவில் குடித்தனம். படிவத்தில் கையெழுத்துப் போட என் பேனாவைக் கொடுத்தேன். போட்டுவிட்டு, சட்டையில் துடைத்துத் திருப்பித் தந்தார். கையுறையோடு வாங்கி, அப்படியே குப்பைத் தொட்டியில் போட்டேன்.

எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவரிடமிருந்து எக்ஸ்ரே கிளம்பி அடுத்தவரைத் தாக்காது. இவர் விஷயமும் அதேதான். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைப் பாடமாக நடத்துபவளே நான்! ஆனால் வீட்டில், எதைக் கண்டாலும் வாயில் வைக்கும் இரண்டு வயது மகன். அந்த நொடியில் படித்ததெல்லாம் பறந்துவிட்டது.

அடுத்த வாரம் அவர் பையில் ஒரு பேனா இருந்தது.

"நானே கொண்டாந்துட்டேன் மேடம்" என்றார்.

நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

ஐந்தாவது வாரம் அணுக்கள் நன்றாக ஏறியிருந்தன. சந்தோஷமாகச் சொன்னேன். அவர் ரிப்போர்ட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அப்போ பாப்பாவத் தூக்கலாங்களா மேடம்? ஒன்றர வயசு. வெளிய போயிட்டு வந்தா ஓடியாந்து காலக் கட்டிக்கும். தள்ளி வுட்டுடுவேன்."

"முதல் நாள்லேருந்தே தூக்கியிருக்கலாமே! யாரு வேணாம்னு சொன்னது?" என்று அதட்டலாகவே கேட்டேன்.

"யாரும் சொல்லலீங்க. டாக்டருகூட ஒண்ணும் பயமில்லன்னாரு. நீங்க பேனாவப் போட்டதப் பாத்தேன். இந்த வேலையிலயே இருக்கறவங்க, உங்களுக்குத் தெரியாததா?"

அதில் துளி கோபம் இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. எனக்கு முகம் எரிந்தது. பயத்தில் முட்டாள்தனமாக நடந்துகொண்டுவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்றேன். காதில் வாங்கினாரோ இல்லையோ, வீட்டுக்குப் போகிற அவசரத்தில் பாதிப் படியில் இருந்தார்.

இப்போதும் என் மகன் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும்போதெல்லாம், அத்தனை வாரமும் அந்தக் குழந்தையைத் தள்ளிவிட்டது அவர் கையல்ல, என் கைதான் என்று மனசு குத்துகிறது.