தோளைத் தட்டக்கூடாத வேலை

காது மந்தமானதால்தான் நான் மரம் வெட்டப் போனேன். பன்னிரண்டு வருஷம் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் டிரில் பிடித்தவன் நான். காற்றழுத்தத்தில் ஓடும் அந்த மெஷின் பாறையைத் துளைக்கிறதோ இல்லையோ, பிடிக்கிறவன் காதைத் துளைத்துவிடும். கம்பெனி டாக்டர் ஒரு கைக்கடிகாரத்தை என் காதோரம் பிடித்து, "சத்தம் கேக்குதா?" என்றார். "நல்லா கேக்குது சார்" என்றேன். அது ஓடாத கடிகாரமாம். பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்த சிரிப்பில் எனக்கு வந்த கோபம் வீடு போய்ச் சேரும்வரை ஆறவில்லை.

ஆனால் டாக்டர் செய்தது சரிதான். பாறை வெடிப்பதற்கு முன்னால் முனகும். அந்த முனகல் கேட்காதவன் கீழே இருந்தால் அவனும் சாவான், கூட இருப்பவர்களும் சாவார்கள். என்னை மேலே அனுப்பிவிட்டார்கள். மேலே எனக்கென்று வேலை எதுவும் காலியாக இல்லை. வேலை இல்லையென்றால் கம்பெனி தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீடும் இல்லை. இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று என் மனைவி தினமும் கேட்டாள். பதில் தெரியாததால் நான் தினமும் கத்தினேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. ஒரு காற்று மழையில் தைல மரம் ஒன்று லைன் வீட்டுத் தகரக் கூரைமேல் சாய்ந்தது. சாய்ந்து நிற்கும் மரங்களையெல்லாம் இறக்கிவிடுவது என்று முடிவாயிற்று. அதற்குப் புதிதாகச் சங்கிலி ரம்பம் வாங்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மரக் கிடங்கைப் பார்த்துக்கொண்ட இன்ஜினியர் முன்னால் போய் நின்றேன். அவர் கன்னடக்காரர், நம் 'அப்பா' போல ஒரு 'கணப்பா' சேர்த்து, தமிழை அழகாக உடைத்துப் பேசுவார்.

"ஒரு மாசம் பாக்கறேன் கணப்பா. ஒருத்தருக்கும் அடி படாம மரம் எல்லாம் எறங்கிச்சா, கிடங்குல உனக்கு பர்மனெண்ட் வேலை. யாருக்காவது ரத்தம் வந்துச்சா, மெஷினும் வேணாம், நீனும் வேணாம்" என்றார்.

துணைக்கு என் மச்சானைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மனைவிக்கு ஒரே தம்பி. முப்பது வயது, கல்யாணம் ஆகாத சோம்பேறி. கீழே ஒன்பது வருஷம் எனக்கு ஹெல்பராக இருந்தவன்.

பெங்களூரிலிருந்து ஏஜெண்ட் ஒருவர் இரண்டு ரம்பங்களைக் கொண்டுவந்து கிடங்குத் தரையில் வைத்தார். ஒன்று பெரிது, சங்கிலி சுற்றி ஓடும் இரும்புப் பட்டை என் கை நீளத்துக்கு இருந்தது. இன்னொன்று அதில் பாதி. "நீனே சொல்லு" என்றார் இன்ஜினியர். சுரங்கத்தில் நாங்கள் மெஷினைக் கனத்தை வைத்துத்தான் மதிப்போம். எது நெஞ்செலும்பை அதிகமாக ஆட்டுகிறதோ அதுதான் நல்ல டிரில். நான் பெரியதைத் தூக்கினேன்.

"சின்னதே போதுங்க" என்றார் ஏஜெண்ட். மரத்தின் பருமனைவிடப் பட்டை கொஞ்சம் நீளமாக இருந்தால் போதும், காலையில் தூக்க முடிவது முக்கியமில்லை, சாயங்காலமும் தூக்க முடிய வேண்டும் என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார்.

"அது வெண்டைக்காய் நறுக்கறதுக்குங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க வைத்துவிட்ட பெருமையில், அவர் அடுத்துச் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. ரம்பத்தின்மேல் சாயாதே, அதுவே அறுத்துக்கொள்ளும். பட்டையின் நுனி எதிலும் படக்கூடாது, பட்டால் முகத்தை நோக்கித் திமிறும். ஓடும்போது பக்கத்தில் ஆள் நிற்கக்கூடாது. இரண்டு அடி நகர்வதானாலும் எஞ்சினை நிறுத்திவிட்டு நகரு. இவ்வளவும் சொன்னாராம். பிறகு மச்சான்தான் எனக்குச் சொன்னான்.

முதல் நாள் ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. டிரில்லை வயிற்றால் முட்டித் தள்ளிப் பழகிய உடம்பு, ரம்பத்தையும் அப்படியே தள்ளியது. மரம் விழுந்தது, குழந்தைகள் கைதட்டினார்கள், நான் அன்று ஒரு சுற்றுப் பெருத்துவிட்டேன். மூன்றாம் நாள் சாயங்காலம் சாதத்தைப் பிசைய விரல் மடங்கவில்லை. மனைவியிடம் சொல்லவில்லை, குழம்பு சரியில்லை என்று எழுந்துவிட்டேன். பாவம், அன்று குழம்பு நன்றாகவே இருந்தது.

நான்காம் நாள், விழுந்து கிடந்த மரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர்க் குடத்தோடு ஒரு அம்மா நேரே எங்கள் பக்கம் வந்திருக்கிறாள். நான் பார்க்கவில்லை. மச்சான் பார்த்தான். கீழே டிரில் ஓடும்போது யார் கத்தினாலும் கேட்காது. நிறுத்த வேண்டுமானால் ஹெல்பர் பின்னாலிருந்து தோளைத் தட்டுவான், டிரில் பிடிப்பவன் திரும்பிப் பார்ப்பான். டிரில் அதுபாட்டுக்குப் பாறையின் ஓட்டையில் சொருகிக்கொண்டு நிற்கும். ஒன்பது வருஷமாக அப்படித்தான். இப்போதும் அவன் என் தோளைத் தட்டினான். நான் திரும்பினேன்.

ரம்பமும் என்னோடு திரும்பியது.

விசையிலிருந்து விரலை எடுப்பதற்குள் அவன் காக்கி பேண்ட் தொடையிலிருந்து முழங்கால்வரை கிழிந்து தொங்கியது. எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்தேன். தோலில் ஒரு சிவப்புக் கோடு, பூனை பிறாண்டியதுபோல. ரத்தம் இல்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னா மாமா, தீபாவளிக்கு எடுத்த பேண்ட்டு இது" என்றான் அவன்.

"உயிரு போயிருக்கும்டா!"

"போவல இல்ல? யாருக்கும் சொல்லாத. ரத்தம் வந்தாத்தான கணக்கு? வரல. நீ எழுந்து வேலையப் பாரு."

குடத்தோடு வந்த அம்மா எதுவும் தெரியாமல் எங்களைத் தாண்டிப் போனாள். நினைத்தால் மறைத்துவிடலாம். வீட்டுக்குப் போனதும் என் மனைவி தம்பியின் பேண்ட்டைப் பார்த்தாள். முள்ளில் கிழிந்தது என்றான் அவன். அவள் கிழிசலைக் கையில் பிடித்து, அதில் ஒட்டியிருந்த எண்ணெயை முகர்ந்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"வீடு போனா போவுது. எங்கியாவது குடிசை போட்டுக்கலாம். எனக்கு ஒரே தம்பி" என்றாள்.

மறுநாள் காலை கிழிந்த பேண்ட்டை எடுத்துக்கொண்டு இன்ஜினியரிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். பெரிய ரம்பத்தைக் கேட்டது என் திமிர் என்றும் சொன்னேன். அவ்வளவு வருஷத்தில் ஒரு துரையிடமும் நான் அப்படிப் பேசியதில்லை. அவர் பேண்ட்டின் கிழிசலுக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"சின்ன மெஷின் குடுத்தா இவன் தோள் தட்டமாட்டானா? நீ திரும்பமாட்டியா?"

"தட்டினா திரும்புவேன் சார். உடம்பு பழகிடுச்சி. அதனால அவன் என் பின்னாடி நிக்கவே கூடாது."

ரத்தம் வராததால் மாதம் முடியும்வரை பார்க்கிறேன் என்றார் அவர். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தோம். விசில் எனக்குக் கேட்காது. மச்சான் இனிமேல் என் எதிரே, ரம்பம் எட்டாத தூரத்தில் நிற்பான். கையில் சிவப்புக் கொடி. கொடி ஏறினால் நான் எஞ்சினை அணைத்து, ரம்பத்தைத் தரையில் வைத்த பிறகுதான் நிமிர்ந்து காரணம் கேட்க வேண்டும். கொடிக்கு என் மனைவி தன் பழைய பாவாடையைக் கிழித்துக் கொடுத்தாள். நான் பெண்டாட்டி பாவாடைக்குப் பயந்து வேலை செய்கிறேன் என்று ஆண்டர்சன்பேட்டை டீக்கடைவரைக்கும் பேச்சு போனது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

சின்ன ரம்பம் வந்தது. வெண்டைக்காயை அல்ல, தைல மரத்தையே வெண்ணெயாக அறுத்தது. நான் சாயவில்லை, அது தானே இறங்கியது. காலையில் அரம் போட்டு ஒவ்வொரு பல்லையும் தீட்டினேன். சாயங்காலம் சாதம் பிசைந்து சாப்பிட்டேன், குழம்பைப் பாராட்டவும் செய்தேன். மனைவிதான் சந்தேகமாகப் பார்த்தாள்.

மாதக் கடைசியில் மிச்சமிருந்தது எங்கள் லைனுக்குப் பின்னால் இருந்த மரம் ஒன்றுதான். இன்ஜினியரே பார்க்க வந்திருந்தார். சாயும் பக்கத்தில் அடிமரத்தில் பள்ளம் வெட்டி முடித்து, மறுபக்கம் ரம்பத்தை வைக்கப் போனேன். எதிரே கொடி ஏறியது. அணைத்தேன். கீழே வைத்தேன். நிமிர்ந்தேன். ஆள் இல்லை, ஆடு இல்லை, மரத்தை இழுத்துக் கட்டியிருந்த கயிறும் சரியாக இருந்தது.

"இன்னாடா?" என்று கத்தினேன்.

"ஒண்ணியும் இல்ல மாமா. நிறுத்துவியான்னு பாத்தேன்."

இன்ஜினியர் முன்னால் விளையாட்டா என்று எனக்குத் தலைக்கேறியது. அடிக்கப் போகிற வேகத்தில் அவனிடம் நடந்தேன். இன்ஜினியரோ விழுந்து விழுந்து சிரித்தார். "இந்த மரத்தயும் எறக்கிட்டு நாளைக்கு கிடங்குக்கு வந்து கையெழுத்து போடு" என்றார். சுவரோரம் நின்றிருந்த என் மனைவி முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

கிட்டே போனபோதும் அவன் ஓடவில்லை, கொடியைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான்.

"தெனம் காலைல உன் எதிர்ல வந்து நிக்கிறப்ப பயமா இருந்திச்சி மாமா" என்றான். "இனிமே இல்ல."