காளையின் பின்கால்கள்

எங்கள் சபையின் கிறிஸ்துமஸ் நாடகத்தில் அந்த வருஷம் எனக்குக் காளை வேஷம் கிடைத்தது. முழுக்காளை அல்ல, முன்பாதி. கமுகம்பாளையில் வெட்டி வர்ணம் பூசிய முகமூடியும் முன்கால்களும் என்னுடையவை. பின்னால் குனிந்து, என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சாக்குப் போர்வைக்குள் நடக்கவேண்டியவள் என் அத்தை மகள்.

பாறசாலைப் பக்கமெல்லாம், மலையாள அரசின் கீழிருந்த தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று கூட்டம் நடந்துகொண்டிருந்த காலம். அம்மாவின் தம்பியான என் மாமா அந்தக் கூட்டங்களில் பேசுகிறவர். போலீஸ் தேடியதால் எங்கள் வீட்டு உள்ளறையில் ஒளிந்திருந்தார். மாமாவுக்கு வெயில் ஆகாது என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். நானும் நம்பினேன்.

நானும் அத்தை மகளும் நடந்தபோது காளை தெரியவில்லை. சாக்குக்குள் இரண்டுபேர் சண்டை போடுவதுபோல் இருந்தது. அதனால் அடுத்த வீட்டுக் காளையைக் கவனிக்கத் தொடங்கினேன். நான் அதன் பக்கத்தில் குந்தியிருந்து பார்ப்பேன். மாமா ஜன்னல் கம்பி வழியாகப் பார்ப்பார். முன்கால்தான் முதலில் எழும் என்று அவர் சாதித்தார். பின்கால் என்றேன் நான். கடைசியில் ஒப்புக்கொண்டார்: இடது பின்கால், இடது முன்கால், பிறகு வலது பின்கால், வலது முன்கால். அத்தை மகள் வராத நாட்களில் அவரே எனக்குப் பின்கால் ஆனார். ஆள் குட்டை என்பதால் சாக்கு போதும். ஆனால் அடிக்கடி கால் தப்பும்.

“பேசத் தெரிஞ்ச அளவுக்கு நடக்கத் தெரியல்லியே மாமா,” என்பேன்.

“காளைக்கு நாலு காலாக்கும் மக்கா. எனக்கு உள்ளதே ரெண்டு.”

நாடகத்தன்று மத்தியானம் யாரோ வந்து அம்மாவிடம் தணிந்த குரலில் பேசிவிட்டுப் போனார்கள். அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

“அவளுக்குக் காய்ச்சலாக்கும். மாமா உனக்க பின்னால வருவான். இங்கயிருந்தே சாக்கப் போட்டுட்டுப் போங்க.”

காலையில் பார்த்தபோது அத்தை மகள் கப்பக்கிழங்கு தின்றுகொண்டிருந்தாள். காய்ச்சல் சீக்கிரம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பாட்டுப் பாடும் பிள்ளைகளுக்கு நடுவே காளை தெருவில் இறங்கியது. முக்கில் போலீஸ்காரர்கள் நின்றார்கள். ஒருவர், “கொள்ளாமல்லோ காள!” என்று மலையாளத்தில் மெச்சிச் சிரித்தபடி லத்தியால் பின்புறத்தில் ஓங்கி ஒன்று வைத்தார். காளை அப்படியே நின்றுவிட்டது. அத்தனை ஜனம் பார்க்கும்போது நடை பிசகினால் எனக்குக் கோபம் வராதா?

“இடது காலு மாமா!” என்று சீறினேன்.

பக்கத்தில் வந்த அம்மா உடனே தொண்டை கிழியப் பாட ஆரம்பித்தாள். அம்மாவுக்கு ராகம் வராது. போலீஸ்காரர் முகத்தைச் சுளித்து விலகினார். இடது பின்கால் மெல்ல எழுந்தது.

சபைக் கோயிலின் பின்னறையில் மாமா சாக்கைவிட்டு வெளியே வந்தார். உடனே நிமிர முடியவில்லை. “வாறேன் மக்கா,” என்று என் தலையைத் தொட்டுவிட்டுத் தென்னந்தோப்பு வழியாகப் போனார். பிடிபடவில்லை. பின்னாளில் எல்லை வகுத்தபோது அவர் குடியேறிய ஊர் தமிழ்நாட்டுப் பக்கமும் எங்கள் வீடு இந்தப் பக்கமும் ஆயின.

அன்று மேடையில் காளை, வைக்கோல் அடைத்த பின்பாதியோடு படுத்தே கிடந்தது. நான் படித்த நடையை ஒருவரும் பார்க்கவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது அழுதேன். பாதி வழியில் அம்மா, “அந்த அடி நல்லா பட்டுதா?” என்று கேட்டாள்.

“படல்ல,” என்றேன்.

என்னைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நினைத்திருந்தேன்.