பெரிய வியாழனின் கடைசிக் கதிரை

என் காலை ஒரு ஃபாதர் கழுவித் துடைத்து முத்தமிட்டார் என்றால் என் மனைவி நம்பமாட்டாள். அந்தக் காலை அவள் தினமும் பார்க்கிறாள்.

அப்போது நான் சிறுவன். பின்னாளில் எட்டாம் வகுப்போடு என்னைக் கழற்றிவிட்ட பள்ளிக்கூடம், அந்த நேரம் இன்னும் என்மேல் நம்பிக்கை வைத்திருந்தது.

எங்கள் வாவிக்கரை மீனவர் சங்கத்துக்கு அம்மாவின் அண்ணன்தான் தலைவர். ஓடை வந்து வாவியில் விழும் இடத்தில் இறால் குவியும். முந்தின வருடம் எங்கள் கரை அங்கே வலை போட்டது. அந்த வருடம் அக்கரையின் முறை. மாமா அப்படியே தீர்ப்புச் சொன்னார். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"மச்சான் தலைவரா இருந்து எனக்கென்ன கண்டது? அக்கரையானுக்கு இறால், எனக்குச் சேறா?"

"முறையெண்டா முறைதான் மச்சான்" என்றார் மாமா.

இரண்டு கரைக்கும் ஒரே கோயில். ஆனாலும் பூசையில் ஆளுக்கொரு பக்கமாக முறைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். எப்போது யார் மண்டை உடையுமோ என்று அம்மா செபமாலையைக் கீழே வைக்கவில்லை.

ஃபாதர் ஒரு வழி கண்டார். பெரிய வியாழன் பூசையில் அவர் பன்னிரண்டு பேரின் பாதம் கழுவும்போது அக்கரையில் ஆறு பேர், இக்கரையில் அப்பாவோடு ஆறு பேர் கலந்து உட்காரவேண்டும். மாமா தண்ணீர்ச் சட்டி பிடிக்கவேண்டும்.

"ஆண்டவரே குனிஞ்சு சீடர்மார்ட காலைக் கழுவினவர். தலைவர் சட்டி பிடிச்சாக் குறைஞ்சா போயிருவார்?"

மாமா சம்மதித்தார். பெரிய வியாழன் பின்னேரம் கடைசிக் கதிரை மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அப்பாவின் கதிரை. அம்மா என் முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

"போய் அதுல இரு மனே. வெறுங்கதிரையைக் கண்டா அக்கரையாக்கள் என்ன நினைப்பாங்க?"

உட்கார்ந்ததும் பின்னாலிருந்து ஒரு பொடியன், "டேய், அது யூதாசுட கதிரைடா!" என்றான். நான் திரும்பிப் பல்லைக் காட்டினேன். என் காலைக் கண்ட ஃபாதர் இரண்டாம் தரம் தண்ணீர் கேட்டார். சட்டியோடு முழங்காலில் நின்ற மாமா மெதுவாகக் கேட்டார்:

"மருமகன், அப்பா எங்கடா?"

"வலையோட போயிட்டார் மாமா. ஓடை வாய்க்கு."

எனக்கு மட்டும் தெரிந்த செய்தி என்பதில் ஒரு பெருமை. மாமா சட்டியைக் கோயில் வேலையாளிடம் கொடுத்துவிட்டு, தோளில் கிடந்த துவாயோடு வெளியே போனார்.

அப்பா அன்று வலை நனையாமல் வீடு திரும்பினார். துடுப்பைச் சுவரோரம் சாத்திவிட்டுப் படுத்துவிட்டார்.

மறுநாள் சிலுவைப்பாதைக்கு மாமா கையைத் துவாயால் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். கூட்டத்தின் பின்னால் அப்பா.

"என்ன தலைவர், ஆர் கை வச்ச?" என்றான் அக்கரைக்காரன் ஒருவன்.

மாமா ஒருவரையும் பார்க்காமல் சொன்னார்:

"ஒருத்தருமில்ல. தோணியில வழுக்கித் தண்ணிக்க விழுந்திட்டன்."

எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"மாமா, பேதுருவும் கடல்மேல நடந்து தண்ணிக்க தாழ்ந்தவர்தானே? அவர்ட கை முறியல்லையே!"

முதலில் சிரித்தது அந்த அக்கரைக்காரன்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த வருடம் கரைகள் சண்டை பிடிக்கவில்லை. என் பகிடியால் வந்த சமாதானம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். மாமாவின் கை நிமிரவில்லை. வலை இழுப்பதை விட்டார். அப்பா, சாகும்வரை அவர் முகத்தைப் பார்த்துப் பேசவேயில்லை.

அந்த வாரம் உயிர்த்த ஞாயிறு காலையில் அம்மா அப்பாவின் துடுப்பைக் கோடாலியால் பிளந்து அடுப்பில் வைத்தாள். நல்ல துடுப்பு, நடுவில் ஒரு வெடிப்பு மட்டும்.

"ஏன்ம்மா எரிக்கிற? ஆணி அடிச்சாப் போதுமே!"

அம்மா அடுப்பை ஊதினாள். வாசலில் நின்ற அப்பா தடுக்கவில்லை, எரிந்து முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். துடுப்பில்லாமல் நாளைக்கு எப்படித் தொழிலுக்குப் போவார் என்பது ஒன்றுதான் எனக்கு அப்போது விளங்கவில்லை.