ஊற்று மட்டம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், பேரிகை என்ற வறண்ட ஊரின் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நான் தமிழாசிரியர். அடுத்த வகுப்பில் கணக்கு வாத்தியார். ஒட்டிய கன்னம், சாக்பீஸ் தூள் படிந்த கறுப்புக் கோட்டு. தினமும் வகுப்புக்குப் போகுமுன் பள்ளிக் கிணற்றில் ஒரு கல்லைப் போட்டுக் காது கொடுத்துக் கேட்பார்.

எட்டாம் வகுப்பு இ.எஸ்.எல்.சி. பரீட்சை நெருங்கியபோது புத்தகக் கணக்கு ஒன்றைக் கொடுத்தார். ஒரு கிணற்றில் பத்தடித் தண்ணீர். நாளுக்கு ஓரடி ஏறுகிறது. இன்னொன்றில் நாலடி; நாளுக்கு இரண்டடி ஏறுகிறது. இரண்டும் எப்போது சமமாகும்?

"ஆவாதுங்க சார்," என்றது வகுப்பு. "ஊத்து மட்டத்துக்கு வந்தா தண்ணி நின்னுடுமுங்க."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எனக்குந் தெரியும். பேப்பர் திருத்தறவரு ஊர்ல ஏறிக்கிட்டே இருக்கும். ஆறு நாள்னு எழுதுங்க."

அடுத்த வகுப்பில் கேட்டுக்கொண்டிருந்த, ஆற்றங்கரை ஊர்க்காரனான எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே வந்தவரிடம், "பிள்ளைகள் சொன்னதுதானே சரி?" என்றேன்.

"சரிதானுங்க. அப்படி எழுதுனா பெயிலாயிடுவாங்க. அப்புறம் வராத தண்ணிக்குக் கெணறு வெட்டத்தான் போவணும்."

மறுநாள் அவர் போட்ட கல் பாறையில் மோதிய சத்தம் எனக்கும் கேட்டது. அவர் உள்ளே போய், "ஒரு கிணற்றில் தண்ணீர் நாளுக்கு மூன்றடி ஏறுகிறது," என்று ஆரம்பித்தார். அந்தக் குரலில் கேலியே இல்லை. அவரால் அது எப்படி முடிந்தது என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.