கள்ளனுக்கு முந்திப் போட்ட வோட்டு

ஊரில் நான் ஒரு வோட்டும் போட்டதில்லை. போகாமல் விட்டதால் அல்ல. வந்த இரண்டு தேர்தலுக்கும் முகச்சவரம் செய்து, சேட்டுக்கு அயன் போட்டு, பள்ளிக்கூட வாசலில் வரிசையில் நின்றவன்தான். இரண்டு முறையும் உள்ளே இருந்தவர் வாக்காளர் இடாப்பைப் பார்த்துவிட்டு, "தம்பி, நீர் காலமையே போட்டிட்டீர்" என்றார். என்னைவிடச் சுறுசுறுப்பான ஒருத்தன் என் பெயரில் வந்து போயிருந்தான்.

ஆகவே, மொன்றியலில் குடியுரிமை கிடைத்து, கோட்-டெ-நெய்ஜ் வீட்டுக்கு நகரசபைத் தேர்தல் அறிவித்தல் வந்ததும் எனக்கு அந்தக் கள்ளன்தான் நினைவுக்கு வந்தான். அகதியாக நான் இவ்வளவு தூரம் வரலாமென்றால் அவன் வரமாட்டானா?

அறிவித்தலின் அடியில் ஒரு வரி இருந்தது. தேர்தலன்று வர முடியாதவர்கள் ஒரு கிழமை முந்தியே வந்து வோட்டுப் போடலாம். எனக்கோ தேர்தலன்று வெகுதூரத்து சென்ட்-ஆன்-டெ-பெல்வ்யூவில், கல்லூரி விடுதிச் சமையலறையில், விடியலிலிருந்து இரவுவரை வேலை. கள்ளனுக்கு முந்திப் போவதற்கு அரசாங்கமே ஒரு நாளை ஒதுக்கித் தந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

"வேலைக்கு ஒருநாளும் நேரத்துக்குப் போகாத மனுசன்," என்றாள் மனைவி, கதவு திறக்க வெகுநேரம் முந்தியே நான் சப்பாத்துப் போடுவதைப் பார்த்து.

தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் நான்தான் முதல் ஆள். வெள்ளைத் தலைமயிர் அம்மா ஒருவர் இடாப்பில் விரலை வைத்தார். விரல் நகரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. சரி, அவன் வந்திட்டான் என்று திரும்பிப் போகத் தயாரானேன்.

கடைசியில் அவர் நிமிர்ந்து, "மன்னிக்கவேணும் மிஸ்யூ, உங்கள் பெயரை எப்படிச் சொல்வது?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

எப்படிச் சொன்னாலும் எனக்குச் சம்மதம். வோட்டைப் பெட்டிக்குள் போட்டேன். பேந்து, இடக்கைச் சின்னவிரலை அவர் முன்னால் நீட்டினேன். ஊரில் வோட்டுப் போட்டவனின் விரலில் மை பூசுவார்கள். அந்த மையைப் பூசிக்கொள்ளத்தான் இத்தனை வருசம் காத்திருந்தேன்.

அவர் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் வாடியது. பக்கத்து மேசைக்காரியும் எழும்பி வந்து பார்த்தார். பிறகு இருவருமாகக் கைப்பையைக் கிளறி ஒரு பிளாஸ்டர் எடுத்து, பதனமாக ஒட்டிவிட்டார்கள். விளங்கப்படுத்த என்னிடம் பிரெஞ்சு போதவில்லை. "மெர்சி" மட்டும் இருந்தது.

"என்னப்பா, வோட்டுப் போட்டனீங்களோ, அடிபட்டனீங்களோ?" என்றாள் மனைவி.

"இஞ்ச மைக்குப் பதிலா இதுதான்."

"அப்ப உரிச்சுப்போட்டுத் திரும்பவும் போய்ப் போடலாமே."

அவள் பகிடிக்குத்தான் சொன்னாள். எனக்கு அன்றிலிருந்து நித்திரை இல்லை. மை இல்லாத ஊரில் கள்ளன் ஏன் அவசரப்படப் போகிறான்? தேர்தலன்று ஆறுதலாக வந்து என் பெயரில் போட்டுவிட்டுப் போவானே.

தேர்தலன்று சூப்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன். மூன்றாவது தரம் கை போனபோது தலைமைச் சமையல்காரர் உப்புப் போத்தலைப் பறித்தார். காரணத்தைச் சொன்னேன். "சூப்பாவது தப்பட்டும், நீ போ," என்றார்.

பஸ்சும் மெட்ரோவும் பிடித்து, தேவாலய மண்டபத்தை மூட முந்தி ஓடிப்போய்ச் சேர்ந்தேன். அதே அம்மா. இடாப்பைப் பார்த்தவரின் முகம் இறுகியது.

"மிஸ்யூ, நீங்கள் ஏற்கெனவே வோட்டுப் போட்டுவிட்டீர்கள்."

முந்தி இரண்டு தரமும் இதே வசனத்தைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போனவன் நான்.

"ஓம், ஓம், நான்தான் போட்டனான்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, "இன்னொருக்கால் சொல்லுங்கோ," என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டேன்.

சொன்னார், இன்னும் சத்தமாக. மண்டபமே திரும்பி என்னைப் பார்த்தது, இரண்டாம் வோட்டுக்கு வந்த கள்ளனைப் பார்ப்பதுபோல. நான் பிளாஸ்டர் விரலை உயர்த்திக் காட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன்.