அட்டையில் இருந்த பெயர்

எனக்குப் பொறாமைக் குணம் கொஞ்சம் அதிகம். பக்கத்துக் கடையில் ஏசி மாட்டினால் எனக்கு இங்கே வேர்க்கும். ஆனாலும் ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்துக்காக வயிறெரிந்தவள் இந்த வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பாலிடெக்னிக்கில் எனக்கு ஒரு தோழி இருந்தாள். நானும் அவளும் ஒரே கம்ப்யூட்டரில் உட்காருவோம். ஏதோ பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் அந்தச் சிஸ்டம் இருந்தது. எல்லோரும் வைத்திருந்த சிஸ்டம் திறப்பதற்குள் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். இது, பொத்தானை அழுத்திய விரலை எடுப்பதற்குள் வந்து நிற்கும். பெயரைச் சொன்னால், எங்களோடு படித்தவர்கள் "இன்னாது?" என்பார்கள். அந்த "இன்னாது"வைக் கேட்பதற்காகவே நாங்கள் அதைப் பற்றிப் பேசுவோம்.

அதைத் தமிழில் கொண்டுவரப்போகிறோம் என்று கிளம்பி, மெனுவில் உள்ள சொற்களுக்கெல்லாம் ஒரு நோட்டில் தமிழ் எழுதினோம். நோட்டுக்கு பிரவுன் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, என் பெயரைக் குண்டு குண்டாக எழுதிவைத்தேன். ஷட் டவுன் என்பதற்குக் 'கடையைக் கட்டு' என்று நான் வைத்ததை இன்றைக்கும் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிக்கவைப்பேன். எழுதி முடித்துக் கம்பெனிக்கு மெயில் போட்டோம். போன வேகத்தில் திரும்பி வந்தது. கம்பெனியை எப்போதோ மூடிவிட்டிருந்தார்கள்.

பிறகு அவளைக் கரையாம்புத்தூரில் கட்டிக்கொடுத்தார்கள். கரும்பு, இரண்டு கறவை மாடு, படுத்த படுக்கையான மாமனார். நான் வில்லியனூர் தேரடிப் பக்கம் டிடிபி கடை போட்டேன். மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் மட்டும் அந்தச் சிஸ்டத்தை விடாமல் வைத்திருந்தேன். அதில் செய்ய ஒரு வேலையும் கிடையாது. ஊரில் யாரிடமும் இல்லாதது என்னிடம் இருக்கிறது, அவ்வளவுதான். அவள் ஞாபகம் வந்தால் 'பாவம், சாணி அள்ளிக்கொண்டிருப்பாள்' என்று நினைத்துக்கொள்வேன். அப்படி நினைப்பது எனக்குச் சுகமாக இருந்தது. அதையும் மறைப்பானேன்.

செத்துப்போன அந்தச் சிஸ்டத்தை எங்கெங்கோ இருக்கிற சிலபேர் சம்பளம் இல்லாமல் முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். போன வருஷம் புதுப் பதிப்பு வந்ததும் இறக்கிப் போட்டேன். அதே வேகம். சந்தோஷத்தில், செய்தவர்களின் பெயர்கள் வரிசையாக ஓடும் ஜன்னலைத் திறந்தேன். வாயில் நுழையாத வெளிநாட்டுப் பெயர்களுக்கு நடுவில் அவள் பெயர் ஓடியது, அப்பா இனிஷியலோடு.

உடனே போன் போட்டேன். "அது நீயாடி?"

"ஆமாண்டி. மாடு கறந்துட்டு, மாமாவுக்குக் கஞ்சி குடுத்துட்டு, மத்தியானத்துல ஒக்காருவேன். பிரிண்டர் வேலை செய்யாம இருந்துச்சி, அத சரி பண்ணேன்."

வடாம் பிழிந்தேன் என்பதுபோல் சொன்னாள். பிரிண்டரை வைத்துப் பிழைக்கிறவள் நான். அதைச் சரி பண்ணியவள் அவள். அன்றைக்கு ஒரு கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரத்தை மாற்றி அடித்து, திட்டு வாங்கினேன்.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜை அன்று ஸ்கூட்டியில் கடைக்கே வந்துவிட்டாள். கம்ப்யூட்டருக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்திருந்தேன். விளக்குக்கு முன்னால் கல்யாணப் பத்திரிகை மாதிரிகள் ஒட்டிய ஆல்பங்கள், பில் புக், அவற்றுக்கு நடுவில் அந்த நோட்டு. வருஷா வருஷம் அதைப் பூஜையில் வைத்து எடுப்பது என் வழக்கம்.

"அடுத்த பதிப்புல தமிழ் வருதுடி. நம்ம நோட்டு உங்கிட்டதான இருக்குது?"

"அது மழையில போயிடுச்சிடி. வூட்டுக்குள்ள தண்ணி ஏறுச்சே, அப்போ."

நாக்கு குழறவே இல்லை. கண்ணைப் பொரித்தட்டின் மேலேயே வைத்துக்கொண்டேன்.

அவள் விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து கும்பிட்டாள். எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆனது. குங்குமம் இட்டுக்கொண்டு, நான் கொடுத்த பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டாள். ஸ்கூட்டியைக் கிளப்பும்போது சொன்னாள்: "பூஜையில வெச்சத இன்னிக்கு எடுக்கக் கூடாதுல்ல. நாளைக்கு எடுத்துப் பாருடி."

முகத்தில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்தேன். கிழித்துப் போட்டுவிட்டால் என்ன என்றுகூட நினைத்தேன். இத்தனை வருஷத்தில் அந்த நோட்டைப் பூஜையில் வைத்தேனே தவிர ஒருமுறையும் திறந்ததில்லை. அன்றைக்குத் திறந்தேன்.

முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அவளுடைய சாய்ந்த எழுத்து. என் எழுத்து நாலைந்து இடத்தில்தான் இருந்தது. அதையும் அடித்துவிட்டுப் பக்கத்திலேயே வேறு நல்ல சொல்லை அவள் எழுதியிருந்தாள். 'கடையைக் கட்டு' அவள் எழுதியது. அதற்குக் கீழே என் குண்டு எழுத்தில், 'நல்லா இல்லை.'

ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

"எல்லாம் வந்துடுச்சி. அட்டைய மட்டும் காணமே? அதுலதான உன் பேரு இருக்குது. அதயும் அனுப்பு, யாரு எழுதினதுன்னு கேப்பாங்க. லிஸ்ட்ல உன் பேரயும் போடணும்."

அந்த ஜன்னலில் என் பெயர் ஓடும். அதற்குத்தானே ஆசைப்பட்டேன், அதற்காகத்தானே அப்படி வெந்தேன். வயிறு அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது. முன்பு அவள் திறமைக்காக மட்டும் எரிந்தது. இப்போது அவள் மனசுக்காகவும் சேர்த்து எரிந்தது. நோட்டை மூடி லேபிளைப் பார்த்தேன். முந்தின நாள் குங்குமம் என் பெயர் மேல் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"அட்டை மழையில போயிடுச்சிடி" என்று அடித்து அனுப்பினேன்.