இருபத்துமூன்று திருகாணிகள்

என் தங்கை வல்வெட்டித்துறையில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய கணவருக்குக் கப்பலில் வேலை. ஒன்பது மாதம் கடல், இரண்டு கிழமை வீடு. ஒருமுறை வந்தபோது மேசையில் வைக்கும் பெரிய வால்வு றேடியோ ஒன்றைக் கொண்டுவந்தார். திரும்பிப் போகும்போது ஒரேயொரு கட்டளை இட்டார்: பின்பக்கத்தை எவரும் திறக்கக்கூடாது. அவருடைய முந்திய றேடியோவை ஏதோ ஒரு கடையில் திறந்திருந்தார்கள். வீட்டுக்கு வந்தபோது அதற்குள் இருந்த சாமானில் பாதி வேறு யாருடையதோ.

ஒரு திங்கட்கிழமை தங்கை புதுப் பெட்டியைப் படுக்கை விரிப்பில் சுற்றி, மடியில் வைத்தபடி இரண்டு பஸ் மாறி நீர்வேலிக்கு என் வீட்டுக்கு வந்தாள். பெட்டி பாடவில்லை.

"அண்ணை, வெள்ளிக்கிழமை அவர் வாறார்."

"அப்ப அவரே பாக்கட்டும். திறக்கக்கூடாது எண்டல்லோ சொன்னவர்."

"நான் மேலை பூச்சாடி வைச்சு, தண்ணி உள்ளுக்கை போயிட்டுது. அவர் கோவிச்சால் ஏசமாட்டார், அண்ணை. கதைக்கமாட்டார். போனமுறை நிண்ட பதினாலு நாளிலை ஒன்பது நாள் என்னோடை கதைக்கேல்லை. பிறகு கப்பலுக்குப் போயிட்டார்."

அந்த ஒன்பது நாளுக்கு என்ன காரணம் என்று கேட்டேன். அவருடைய சாரத்தை வெயிலில் காயப்போட்டு நிறம் வெளிறிவிட்டதாம்.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞர். றேடியோ திருத்துவது புத்தகம் பார்த்துப் பழகியது. திறமை என்று சொல்ல முடியாது, ஒழுங்கு உண்டு. பழைய கலண்டர் மட்டையின் வெறும் பக்கத்தில் பெட்டியின் படத்தை வரைவேன். கழற்றும் ஒவ்வொரு திருகாணியையும் படத்தில் அதனதன் இடத்திலேயே குத்தி நிறுத்துவேன். அந்தப் பெட்டியில் இருபத்துமூன்று. வெளியே தெரிவன ஆறு. மிச்சம் பதினேழும் உள்ளே. முன்பக்கத்து நான்கும் கட்டை. அந்த இடத்தில் நீளமானதைப் பூட்டினால் அலைவரிசை எழுதிய கண்ணாடி வெடித்துவிடும். எது எந்த நீளம் என்று நான் எழுதி வைக்கவில்லை. ஆணியே மட்டையில் நிற்கும்போது எழுத என்ன தேவை?

செவ்வாய் பிழையைக் கண்டுபிடித்தேன். புதன் கந்தோர் விட்டு வரும் வழியில் வேண்டிய சிறு சாமானை வாங்கிவந்து பற்றவைத்தேன். பாட்டு வந்தது. "வியாழன், மாலை ஐந்து மணி: பூட்டுதல்" என்று நாட்குறிப்பில் எழுதினேன்.

வியாழன் சரஸ்வதி பூசை. அதை நான் மறக்கவில்லை. அதே பக்கத்தில் மேல்வரியில் எழுதியிருந்தேன். இரண்டு வரியையும் சேர்த்து வாசிக்கவில்லை.

மாலை வீடு திரும்பியபோது பூசை முடிந்திருந்தது. சுவாமி அறையில் பிள்ளைகளின் கொப்பிகள், மனைவியின் தையல் மெசின், என் திருப்புளிகள், குறடு, எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு. நடுவில் ஒரு பித்தளைக் கிண்ணம். அதற்குள் திருகாணிகள், குவியலாக.

"இஞ்சரும், உதுகளை ஏன் மட்டையிலை இருந்து கழட்டினீர்?" என்று மனைவியைக் கேட்டேன்.

"மட்டையைத் திருப்பிப் பாத்தனீங்களே?"

திருப்பிப் பார்த்தேன். மறுபக்கம் சரஸ்வதி, தாமரையில், வீணையோடு. ஆணி முனைகள் வெளியே வந்த துளைகள் அவள் மேல் இருந்தன. வீணையில் ஐந்து. மூக்கில் ஒன்று. மூக்கில் இருந்தது பொருத்தமாகவே இருந்தது. அதை நான் சொல்லவில்லை.

"பூசையண்டு சரஸ்வதியை ஆணியாலை குத்தி வைச்சிருக்கிற வீடு ஊரிலை இது ஒண்டுதான்," என்றாள். "அவ்வளவையும் மஞ்சள் தண்ணியிலை கழுவி, ஒவ்வொண்டின்ரை தலையிலையும் சந்தனம் வைச்சிருக்கிறன்."

"எனக்கு இப்ப அது வேணும்."

"நாளைக்கு. வைச்சதை விடியப் பூசை முடியாமல் எடுக்கேலாது. உங்கடை கந்தோரிலை சட்டம் இல்லையே?"

இருந்தது. காத்திருந்தேன்.

வெள்ளி விடிய ஆறு மணிக்குத் தங்கை வாடகைக் காரோடு வந்தாள். கணவர் மத்தியானம் வந்துவிடுவார். ஆறரைக்குப் பூசை. விசயதசமி காலையில், வைத்ததை எடுத்து அவரவர் தொழிலைக் கொஞ்சமாவது செய்யவேண்டும். பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் வாசித்தார்கள். நான் கிண்ணத்தைக் கொட்டினேன்.

துளை எங்கே என்று மட்டை சொன்னது. ஆணி எது என்று சொல்லவில்லை. விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவினேன். பெட்டியின் ஒவ்வொரு துளைக்குள்ளும் ஈர்க்கை விட்டு, ஆழத்தை நகத்தால் பிடித்து, அந்த நீளத்துக்கு ஆணி தேடினேன்.

"அண்ணை, ஒன்பதாகுது."

"ஒன்பதாக இன்னும் நாலு நிமிசம் கிடக்கு."

"மணிக்கூட்டை விட்டிட்டு ஆணியைப் பாருங்கோ!"

ஒன்பதே காலுக்கு எல்லாத் துளைகளும் நிரம்பின. கையில் ஓர் ஆணி மிச்சம். பெட்டியை எங்கும் தடவிப் பார்த்தேன், வெறுந்துளை இல்லை. மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அது என்ரை தையல் மெசின் ஆணியெல்லே. அதையும் கழுவப் போட்டனான்."

கிண்ணத்தைக் கொட்டியதும் எண்ணாமல் தொடங்கியது என் பிழை. சந்தனத்தைத் துடைக்க நேரம் இருக்கவில்லை. ஒன்பது இருபதுக்குக் கார் புறப்பட்டது.

அன்று பிந்திப் போன கந்தோர் முடிந்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வல்வெட்டித்துறைக்குப் போனேன். பயணக் களைப்பில் நித்திரை கொண்டு எழும்பிய மைத்துனர் அப்போதுதான் றேடியோவைப் போட்டார். நன்றாகப் பாடியது. பத்து நிமிடத்தில் வால்வுகள் சூடேறின. பெட்டிக்குள் இருந்து சந்தனம் மணக்கத் தொடங்கியது.

"என்ன மச்சான், பெட்டி கோயில் மாதிரி மணக்குது?"

"சரஸ்வதி பூசைக்குச் சந்தனம் வைச்சது," என்றாள் தங்கை. யார் வைத்தது என்று அவள் சொல்லவில்லை.

அவர் எழும்பிப் பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பினார். ஆறு ஆணித் தலைகளின் வெட்டுகளிலும் சந்தனம் காய்ந்து கிடந்தது.

"ஆணிக்குமோ?"

"ஓம்," என்றாள் தங்கை. "ஒண்டும் விடேல்லை."

அவர் பார்த்துக்கொண்டே நின்றார். தங்கை அடுப்படிக் கதவைப் பிடித்தபடி நின்றாள். நான் தேத்தண்ணீரைக் குடித்தேன்.

"எல்லா ஆணியும் இருக்கோ, மச்சான்?" என்று என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"இருபத்துமூண்டும் இருக்கு," என்றேன்.

வெளியே தெரிவது ஆறுதான் என்பது சொல்லி முடித்த பிறகே எனக்கு நினைவு வந்தது.

மைத்துனர் பெட்டியை மெதுவாக முன்பக்கம் திருப்பி வைத்தார். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார். பிறகு அடுப்படிப் பக்கம் பார்த்தார்.

"இஞ்சரும், உம்மடை அண்ணைக்கு இன்னொரு தேத்தண்ணி குடும். ஆணி எண்ணின மனுசன், களைச்சிருப்பார்."

அந்தமுறை பதினாலு நாளும் அவளோடு கதைத்தாராம். பெரும்பாலும் என்னைப் பற்றித்தான் என்று தங்கை பிறகு சொன்னாள்.